ஈராசிரியர் பள்ளியில் மூன்றாவது ஆசிரியை: ஒரு 17(ஆ) கோப்பின் கதை

அரூர் பக்கம் மலையடிவாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டே பணியிடங்கள்: ஒரு தலைமை ஆசிரியர், ஓர் இடைநிலை ஆசிரியர். இடைநிலை ஆசிரியர் மாதத்தில் சில நாட்கள் மட்டும் தலைகாட்டினார். மற்ற நாட்களில் ஊர்ப் பெண் ஒருவர் அவருடைய வகுப்பை நடத்தினார். ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு துண்டு அந்தப் பெண்ணுக்குப் போனது. 2016-ல் புகார் எழுந்தது. 2023-ல் இறுதி ஆணை வந்தது: மூன்று ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம். 2024-ல் அவர் ஓய்வூதியத்தோடு ஓய்வு பெற்றார்.

பெருந்தண்டனைக்காக 17(ஆ) விதியின் கீழ் நடந்த அந்தத் துறை விசாரணையில் நான் விசாரணை அலுவலராக இருந்தேன். அப்போது உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஊரும் ஆட்களும் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கோப்பின் போக்கில் கை வைக்கவில்லை.

அரசு வேலையில் இருப்பவரை யாராலும் அசைக்க முடியாது என்பது டீக்கடைத் தீர்ப்பு. சங்கம் விடாது, நீதிமன்றம் விடாது, கட்சிக்காரர்கள் விடமாட்டார்கள் என்று காரணங்களும் தயாராக இருக்கும். இந்தக் கோப்பில் இம்மூவரும் எட்டிப்பார்த்தது உண்மைதான். ஆனால் இவர்கள் வருவதற்கு வெகு முன்பே வழக்கு தோற்றுவிட்டது. முதல் இரண்டு வாரங்களில் கல்வித் துறை எழுதிய காகிதங்களும் எழுதாமல் விட்ட காகிதங்களும் அதைத் தோற்கடித்தன.

மனுவும் முதல் பார்வையும்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தகப்பன் பொங்கலுக்கு ஊர் வந்திருந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனிடம் அவனுடைய சார் பெயரைக் கேட்டார். அவன் ஓர் அக்காவின் பெயரைச் சொன்னான். தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அவர் ஒரு மனு கொடுத்துவிட்டுத் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். மனு ஆட்சியர் அலுவலகத்திலிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அங்கிருந்து மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலருக்கும், அங்கிருந்து உதவித் தொடக்கக் கல்வி அலுவலருக்கும் இறங்கியது. ஒவ்வொரு படியிலும் ஒரு முகப்புக் கடிதம் சேர்ந்தது. மனு ஒரு பக்கம். முகப்புக் கடிதங்கள் மூன்று.

உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் முதல் முறை வரும் தகவல் பள்ளிக்கு முன்னமே தெரிந்திருந்தது. அன்று ஆசிரியர் வெள்ளைச் சட்டையோடு வகுப்பில் நின்றார். இரண்டாம் முறை அலுவலர் சொல்லாமல் வந்தார். அந்தப் பெண் கரும்பலகை அருகே நின்று வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் மட்டும் அன்றைய தேதிக்கு எதிரே ஆசிரியரின் சுருக்கொப்பம் இருந்தது.

இந்த வழக்கில் அதைவிட நல்ல சான்று அதற்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை. ஆள் இல்லை, கையொப்பம் இருக்கிறது, வேறொருவர் பாடம் நடத்துகிறார். மூன்றையும் ஓர் அலுவலர் தன் கண்ணால் ஒரே நேரத்தில் பார்க்கிறார். அவர் செய்தது என்ன? பள்ளியின் பார்வைப் புத்தகத்தில் ‘ஆசிரியர் பள்ளியில் இல்லை, விளக்கம் கோரப்படுகிறது’ என்று எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார். பதிவேட்டைக் கைப்பற்றவில்லை. அந்தப் பக்கத்தைக் கைபேசியில்கூடப் படம் பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் பெயர் கேட்டு ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கவில்லை. பிள்ளைகளின் நோட்டுகளில் திருத்தியிருப்பது யார் கையெழுத்து என்று புரட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் விளக்கம் வந்தது. அன்று தமக்கு உடல்நலமில்லை என்றும், தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்தனுப்பியதாகவும் ஆசிரியர் எழுதியிருந்தார். தலைமை ஆசிரியர் விண்ணப்பத்தைக் காட்டினார். பதிவேட்டில் சுருக்கொப்பம் இருந்த இடத்தில் இப்போது அடித்துத் திருத்திய ஒரு ‘த.வி.’ இருந்தது. பதிவேட்டைப் பாதுகாப்பது தலைமை ஆசிரியரின் பொறுப்பு. அவரையும் அந்தப் பெண்ணையும் தவிர அதைப் பார்த்த பெரியவர் அந்த அலுவலர் ஒருவரே. மற்றவர்களுக்கு எட்டு வயது.

குறிப்பாணை

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-லிருந்து அரசு ஊழியர்கள். அதற்கு முன்பு ஒன்றியத் தலைவர்கள் அவர்களை எப்படி ஆட்டிவைத்தார்கள் என்பதை வயதான ஆசிரியர்களிடம் கேட்டால் சாயங்காலம் வரை சொல்வார்கள். அரசு ஊழியர் ஆனதால் அரசமைப்புச் சட்டத்தின் 311-ஆவது பிரிவின் பாதுகாப்பு அவர்களுக்கும் வந்தது. அந்தப் பிரிவு கேட்பது இரண்டே. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி யாரும் வேலையைவிட்டு நீக்கக் கூடாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கக் கூடாது. 1976-ன் 42-ஆவது திருத்தத்துக்கு முன்பு தண்டனையின் அளவைப் பற்றியும் தனியாக இன்னொரு வாய்ப்புத் தர வேண்டியிருந்தது. அந்தப் படி அப்போதே நீக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டில் இதை நடைமுறைப்படுத்துபவை தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். ஆசிரியர்கள் அறையில் யாரும் இந்த நீளமான பெயரைச் சொல்வதில்லை. ‘அவருக்குப் பதினேழு பி கொடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். 17(அ) சிறு தண்டனைக்கு: கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்றவை. 17(ஆ) பெருந்தண்டனைக்கு: பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு. கடைசி இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பணிநீக்கம் செய்யப்பட்டவர் பிற்காலத்தில் மீண்டும் அரசு வேலைக்கு முயலலாம்; பணியறவு செய்யப்பட்டவருக்கு அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிடும்.

நம் ஆசிரியரை 2016 அக்டோபரில் பணியிடை நீக்கம் செய்தார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை 2017 பிப்ரவரியில்தான் தயாரானது. இடையில் நான்கு மாதங்கள். குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் பணியிடை நீக்கத்தை நீட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லியிருந்தது. ஆசிரியருக்கு அது தெரிந்திருந்தது, அலுவலகத்துக்குத் தெரியவில்லை. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அவருடைய மனுவைப் பரிசீலிக்கும்படி ஆணை வந்தது. துறை அவரை மீண்டும் பணியில் சேர்த்து, நிர்வாக மாறுதலில் இன்னொரு பள்ளிக்கு அனுப்பியது. பழைய பள்ளியைவிட இன்னும் மேலே, ஒரு நாளைக்கு இரண்டு முறை பஸ் வந்துபோகும் ஊர்.

அந்த மாறுதலைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். யாரையும் எளிதில் நீக்க முடியாத ஓர் அமைப்பில் மாறுதலே தண்டனையாகிவிடுகிறது. எங்கே மாற்றுவார்கள்? தருமபுரி நகரத்துக்கோ பாலக்கோட்டுக்கோ அல்ல. சித்தேரி, வத்தல்மலை, ஏரியூர்ப் பக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் அஞ்செட்டி, தளி. பெற்றோர் பாதிப்பேர் பெங்களூரிலோ கேரளத்திலோ கட்டட வேலையில் இருக்கும் ஊர்கள். பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. பள்ளிக்கு வராத ஆசிரியருக்குத் தண்டனையாக, வராவிட்டால் யாருக்கும் தெரியாத பள்ளியைக் கொடுக்கிறோம். தண்டனை அனுபவிப்பது அந்த ஊர்ப் பிள்ளைகள். இந்த வட்டாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இது நடக்கிறது. எந்தக் கோப்பிலும் இது தண்டனை என்று பதிவாவதில்லை, ஆகவே யாரும் மேல்முறையீடும் செய்வதில்லை.

குறிப்பாணைக்கு வருகிறேன். மூன்று குற்றச்சாட்டுகள். ஒன்று, பள்ளிக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு, வேறு நபரைக் கொண்டு பாடம் நடத்தினார். மூன்று, 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 20-ஆவது விதிக்கு மாறாக நடந்து துறைக்கு அவப்பெயர் ஏற்படுத்தினார். எந்தெந்தத் தேதிகளில் வரவில்லை? இல்லை. வேறு நபர் யார்? இல்லை. எவ்வளவு காலம்? இல்லை. குற்றச்சாட்டு இன்னதென்று திட்டவட்டமாக, விவரங்களோடு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1970-லேயே சொன்னது. என்ன குற்றம் என்று தெரியாதவன் எதற்குப் பதில் சொல்வான் என்கிற எளிய நியாயம்தான் அது.

சாட்சிகள் பட்டியலில் இரண்டு பெயர்கள்: உதவித் தொடக்கக் கல்வி அலுவலர், தலைமை ஆசிரியர். மனுக் கொடுத்த தகப்பன் இல்லை, பாடம் நடத்திய பெண் இல்லை, ஒரு பெற்றோர்கூட இல்லை. ஆவணங்கள் பட்டியலில் மனுவின் நகலும் ஒரு செய்தித்தாள் துணுக்கும் பார்வை அறிக்கையும் இருந்தன. வருகைப் பதிவேடு இல்லை.

கோப்பு நடந்த நடை

2018 மே மாதம் அரசாணை 101 வந்தது. மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பதவியே எடுக்கப்பட்டு, தொடக்கப் பள்ளிகளும் மாவட்டக் கல்வி அலுவலர்களின் கீழ் வந்தன. குறிப்பாணையில் கையொப்பமிட்ட பதவி மறைந்துவிட்டது. இனி தண்டனை கொடுக்கும் அதிகாரம் யாருக்கு, பழைய குறிப்பாணை செல்லுமா, புதிதாகக் கொடுக்க வேண்டுமா என்று தெளிவுரை கேட்டுக் கடிதம் மேலே போனது. பதில் கீழே வருவதற்குள் அந்த ஆண்டே முடிந்துபோனது. 2022-ல் அமைப்பு மறுபடி மாறி, தொடக்கக் கல்விக்கெனத் தனி மாவட்டக் கல்வி அலுவலர் வந்தார். கோப்பும் மறுபடி மேசை மாறியது. நியமன அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் நீக்கக் கூடாது என்கிற ஒற்றை வரிக்கு இத்தனை கடிதப் போக்குவரத்து.

2018 இறுதியில் என்னை விசாரணை அலுவலராக நியமித்தார்கள். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியது. மாவட்டமெங்கும் ஆசிரியர்களுக்கு ஒரே வாரத்தில் 17(ஆ) குறிப்பாணைகள் பறந்தன. அவற்றில் தேதி இருந்தது, பெயர் இருந்தது, பிழை இல்லை. வேண்டுமென்றால் ஒரே இரவில் பழுதில்லாத குறிப்பாணை எழுத நம் அலுவலகங்களுக்குத் தெரியும் என்பதை அன்று பார்த்தேன். 2021 பிப்ரவரியில் அந்த நடவடிக்கைகள் அனைத்தையும் அரசு கைவிட்டது. விளைவு, 17(ஆ) என்றால் ஒருகாலத்தில் இருந்த நடுக்கம் ஆசிரியர்களுக்குக் குறைந்துபோனது. பிள்ளைகளின் காலத்தைத் திருடியவருக்கும் ஊதியம் கேட்டுத் தெருவில் நின்றவருக்கும் ஒரே குறிப்பாணையைக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும்.

பிறகு கொரோனா வந்தது. பள்ளியே இல்லாதபோது பள்ளிக்கு வராதவரை எங்கே விசாரிப்பது? இதற்கிடையில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதம் 58-லிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்தது. 2022-ல் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் விசாரணை நடக்கும்போதே இரண்டு ஆண்டு கூடுதல் சர்வீஸ் பெற்றார். துறை விசாரணை ஆறு மாதத்தில் முடிய வேண்டும், மிஞ்சினால் ஓராண்டு என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் ஒரு தீர்ப்பில் அறிவுறுத்தியிருப்பதை இங்கே நினைவூட்டுவது கொஞ்சம் குரூரமாகத்தான் இருக்கும்.

அறையில் நடந்தது

விசாரணை ஒரு வட்டார வள மைய அறையில் நடந்தது. ஆசிரியருக்கு உதவியாகச் சங்கத்தின் ஓய்வுபெற்ற நிர்வாகி ஒருவர் உட்கார்ந்தார். துறையின் தரப்பை எடுத்துவைக்க யாரும் நியமிக்கப்படவில்லை. விசாரணை அலுவலரே துறையின் வழக்கறிஞராகவும் மாறிவிடக் கூடாது என்று 2010-ல் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. முதற்கட்ட விசாரணையில் எழுதி வாங்கிய காகிதம் தானாகவே சான்றாகிவிடாது, ஆவணத்தை உரிய சாட்சி வந்து மெய்ப்பிக்க வேண்டும் என்பதும் நீதிமன்றங்கள் சொன்னதுதான். இரண்டு பக்கமும் கட்டப்பட்ட நிலையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

தலைமை ஆசிரியர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். பதிவேட்டில் எந்த நாளுக்குக் கையொப்பம் இருக்கிறதோ அந்த நாளில் ஆசிரியர் வந்திருந்தார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அந்தப் பெண்? பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு, பின்தங்கிய மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி தர ஏற்பாடு செய்த தன்னார்வலர் என்றார். தீர்மானப் புத்தகமும் வந்தது. கல்வி உரிமைச் சட்டம் பெற்றோருக்குக் கொடுத்த கருவி மேலாண்மைக் குழு. இங்கே அது ஆசிரியருக்குக் கேடயமாகிவிட்டது. குழுத் தலைவியான தாயை என் பொறுப்பில் அழைத்துக் கேட்டேன். சார் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். சங்க நிர்வாகி எழுந்து, எந்த சார், எந்தத் தேதி, தீர்மானம் படித்துக் காட்டப்பட்டதா என்று மூன்று கேள்வி கேட்டார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஊர்க்காரர்கள் ஏன் பேசவில்லை என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். அரூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. வாச்சாத்தி இங்கேதான் இருக்கிறது. 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்து செய்த கொடுமைக்கு 2011-ல் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அதை உயர் நீதிமன்றம் 2023-ல்தான் உறுதிசெய்தது. அரசு ஊழியருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதை இந்தப் பக்கத்து மக்கள் பக்கத்து ஊரைப் பார்த்தே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. அந்தப் பெண் நன்றாகப் பாடம் நடத்தினார். ஆசிரியர் பட்டயம் முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, நியமனத்துக்குக் காத்திருந்தவர். ஆண்டுக்கணக்கில் இடைநிலை ஆசிரியர் நியமனமே இல்லாத காலம் அது. பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். புகார் வந்ததும் அவர் நின்றுவிட்டார். மாறுதலில் போனவரின் இடம் பல மாதம் காலியாகக் கிடந்தது. ஒரு பாட்டி என்னிடம் நேராகவே கேட்டார்: தினமும் வந்துகொண்டிருந்த டீச்சரை அனுப்பிவிட்டீர்கள், பதிலுக்கு யாரைக் கொண்டுவந்தீர்கள்? அந்த ஊரின் கணக்கில் ஒழுங்கு நடவடிக்கையால் விளைந்தது ஓர் ஆசிரியை குறைந்ததுதான்.

அந்தப் பெண் சாட்சி சொல்ல வரவில்லை. வந்தால் பணம் வாங்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாளை நியமனம் வரும்போது அது தடையாகுமோ என்ற பயம். யாராலும் அவருக்கு உறுதி கொடுக்க முடியவில்லை. தகப்பன் ஒரு முறை திருப்பூரிலிருந்து வந்தார். அன்று சங்க நிர்வாகிக்கு உடல்நலமில்லை, விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. தகப்பன் மறுபடி வரவில்லை.

சங்க நிர்வாகியைத் திட்டுவது எளிது. நான் திட்டமாட்டேன். தேதி எங்கே, பெயர் எங்கே, பதிவேடு எங்கே என்று அவர் கேட்டார். கல்வித் துறை தன்னைத் தானே முதல் நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அவை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் விசாரணையே இல்லாமல் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்படி அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமையில்லை என்று அந்த ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னபோதும் பெரும்பாலோர் மீண்டும் பணிக்குத் திரும்பினார்கள். அந்த அனுபவம் உள்ளவரிடம் 311-ஆவது பிரிவைத் தளர்த்தலாம் என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததே. அவர் பதில் தவறும் அல்ல.

என் அறிக்கை

துறை விசாரணையில் நீதிமன்றம் கேட்பதுபோன்ற ஐயத்துக்கு இடமில்லாத சான்று தேவையில்லை. 1977-ல் ஹரியானா பஸ் நடத்துநர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தவர்களை யாரும் சாட்சியாக அழைக்கவில்லை. சோதனை ஆய்வாளரின் சாட்சியமே போதும் என்று நீதிமன்றம் ஏற்றது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டாம் குற்றச்சாட்டை எழுதினேன்: உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் நேரில் பார்த்த அந்த ஒரு நாளைப் பொறுத்தவரை நிரூபணமாகிறது, பிற நாட்களைப் பொறுத்தவரை நிரூபணமாகவில்லை. முதல் குற்றச்சாட்டு தேதியே இல்லாததால் நிரூபணமாகவில்லை. மூன்றாவது, இரண்டாவதன் அளவுக்கு மட்டும் நிரூபணமாகிறது.

ஒரு நாள். ஆண்டுக்கணக்கில் நடந்ததாக ஊரே அறிந்த ஒன்று, கோப்பில் ஒரு நாளாகச் சுருங்கியது. ஒரு நாள் ஆள் வைத்துப் பாடம் நடத்தியதற்காக இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் சர்வீஸ் உள்ளவரைப் பணிநீக்கம் செய்தால் எந்த நீதிமன்றமும் தண்டனை மிகை என்றே சொல்லும். அறிக்கையின் நகலை ஆசிரியருக்குக் கொடுத்து அவருடைய மறுப்பைப் பெறுவது 1990-லிருந்து கட்டாயம், அது நடந்தது. பிறகு கோப்பில் பணிநீக்கம் என்று யாரோ எழுதியதாகவும், அதை வேறு யாரோ வெட்டியதாகவும் கேள்விப்பட்டேன். அவர் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர். நீக்கினால் ஓய்வூதியம் முழுவதும் போய்விடும், வீட்டில் திருமணத்துக்கு நிற்கும் பெண்கள் என்ற பேச்சும் அடிபட்டதாம். இரக்கம் என்று இதைச் சொல்லலாம். கையொப்பமிடும் அதிகாரிக்கு இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வு, அதற்குள் உயர் நீதிமன்றத்தில் பதில் மனு தாக்கல் செய்ய அலைய வேண்டாம் என்ற கணக்கும் இருந்திருக்கலாம்.

ஊதிய உயர்வு நிறுத்தம் மூன்று ஆண்டு; ஆசிரியருக்கு மீதியிருந்த பணிக்காலம் ஓராண்டு. எஞ்சியதற்கு ஈடான தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர்மீது எந்த நடவடிக்கையும் இல்லை.

வேறு பாதையில் போகும் வழக்குகள்

எல்லாக் குற்றங்களும் இப்படித் தேய்வதில்லை. பாலியல் குற்றங்களில் 2012-க்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. போக்சோ சட்டம் அந்த ஆண்டுதான் வந்தது. குற்றம் உறுதியானால் கட்டாய ஓய்வு, பணிநீக்கம் அல்லது பணியறவோடு கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யலாம் என்ற பள்ளிக் கல்வித் துறையின் அரசாணை 121-ம் அதே ஆண்டு மே மாதம் வந்தது. 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி மாணவிக்கு நேர்ந்த கொடுமையில் ஆசிரியர்கள் மூவர் கைதாகிப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். காவலில் 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே பணியிடை நீக்கம் தானாக நிகழ்ந்ததாகக் கருத விதி இருக்கிறது. மாணவியைத் திரும்பத் திரும்பச் சாட்சிக் கூண்டில் நிறுத்தக் கூடாது என்பதும் சட்டத்திலேயே உண்டு. தமிழ்நாட்டில் இல்லாத நவோதயா பள்ளி ஒன்றின் ஆசிரியர் வழக்கில், மாணவியைக் குறுக்கு விசாரணைக்கு ஆளாக்காமல் முறையான விசாரணையைத் தவிர்த்து அவரை நீக்கியது சரியே என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது.

ஆனால் எங்கள் வழக்கோடு ஒப்பிடும்போது எனக்குப் பெரிதாகத் தெரியும் வேறுபாடு தலைமை ஆசிரியரின் நிலைதான். போக்சோவில் குற்றத்தை அறிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மூடி மறைத்தால் தன் தலைக்கே வரும் என்று தெரிந்தவுடன் பதிவேடுகள் உண்மை பேசத் தொடங்குகின்றன. ஆள் மாறாட்டத்தில் தலைமை ஆசிரியர் சும்மா இருந்தால் அவருக்கு எந்த நட்டமும் இல்லை, பேசினால்தான் பகை. ஒரே அறையில், ஒரே பஸ்ஸில், ஒரே கூட்டுறவு வங்கியில் முகம் பார்க்க வேண்டிய சக ஊழியரோடு பகை.

குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையானால் வேலையும் திரும்பக் கிடைத்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பாதி சரி. கிருஷ்ணகிரிக்கு எல்லை தாண்டியதும் வரும் கோலார் தங்கவயலில் ஒரு பாதுகாப்பு அதிகாரியின் வீட்டில் தங்கம் கிடைத்ததாகச் சொல்லி அவரை நீக்கினார்கள். துறை விசாரணைக்கு வர முடியாதபடி, பணியிடை நீக்கக் காலத்தில் தர வேண்டிய பிழைப்பூதியம்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அதே சான்றுகளை வைத்து நடந்த குற்றவியல் வழக்கில் அவர் விடுதலையானார். 1999-ல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் அமர்த்தியது. மாறாக, தென்காசிப் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்ட காவலர் வழக்கில், சாட்சிகள் பிறழ்ந்ததால் கிடைத்த விடுதலை மானத்தோடு கிடைத்த விடுதலை ஆகாது என்று 2012-ல் அதே நீதிமன்றம் சொல்லி, பணிநீக்கத்தை நிலைநிறுத்தியது. துறை விசாரணை ஒழுங்காக நடந்ததா என்பதுதான் இரண்டு வழக்குகளையும் பிரித்தது.

சென்ற ஆண்டு வட்டாரக் கல்வி அலுவலராகப் புதிதாகப் பதவியேற்ற என் பழைய மாணவர் ஒருவர் இதே மாதிரி ஒரு புகாரோடு வந்தார். வருகை இப்போது செயலியில் பதிவாகிறது, ஆகவே ஆள் மாறாட்டம் முடியாது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். காலையில் வந்து வருகையைப் பதித்துவிட்டுப் பத்தரை பஸ்ஸில் இறங்கிப்போனால் செயலிக்கு என்ன தெரியும்? போகும்போது இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொண்டு போகச் சொன்னேன். பதிவேட்டைக் கையோடு எடுத்து, ஒப்புகை எழுதிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். நகலைப் பள்ளியில் வைக்க வேண்டும். பிள்ளைகளின் நோட்டுகளில் தேதியிட்ட திருத்தங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டும். பாடம் நடத்தியவரிடம் அதே நாளில் வாக்குமூலம் வாங்க வேண்டும். அவரைச் சாட்சியாக மட்டும் நடத்துவோம் என்று மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் பெற முடியுமா என்று கேட்க வேண்டும். தலைமை ஆசிரியருக்கும் தனியாகக் குறிப்பாணை போக வேண்டும். குற்றச்சாட்டு ஒவ்வொன்றிலும் தேதி வேண்டும். பத்துத் தேதி கிடைத்தால் பத்துக் குற்றச்சாட்டு.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, தம் ஒன்றியத்தில் உள்ள பள்ளிகளின் எண்ணிக்கையைச் சொல்லி, அலுவலகத்தில் ஒரே ஓர் உதவியாளர் இருக்கிறார், அவரும் சம்பளப் பட்டியலில் மூழ்கிக் கிடக்கிறார், இதையெல்லாம் எப்போது செய்வது என்று கேட்டார். குறிப்பாணைக்கு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். 2019 ஜனவரியில் வேலைநிறுத்தத்துக்குக் கொடுத்த குறிப்பாணையின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பார்த்து எழுதச் சொல்லி எடுத்துக் கொடுத்தேன்.